பழைய பட்டரை மாற்றும் நேரம்

பரமேஸ்வரனுக்குக் கூடைக்குள் தட்டுப் போடத் தெரியாது. எந்தத் தட்டு கூடைக்குள் விழும் என்று மணிக்கணக்கில் பேச மட்டும் தெரியும். தென்காசியில் இது ஒன்றும் அதிசயமில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே இந்திய அணிக்குப் பந்துவீச்சாளரை மாற்றுகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. பரமேஸ்வரன் தன் பேச்சை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டான். அதுதான் வினையாகிப் போனது.

அவன் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். மனைவி அபர்ணா பல் டாக்டர். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அவளுக்குச் சொந்தமாகக் கிளினிக் இருந்தது. கீழ்த்தளத்தில் அவன் அப்பா ஆவுடைநாயகம். அவர் அந்தத் தெருக் கோயிலின் பரம்பரை அறங்காவலர். அதாவது, கோயிலுக்கு என்ன வேண்டும் என்று சாமியிடம் கேட்காமல் தானே முடிவு செய்கிறவர்.

டிஸ்க் கால்ஃப் என்ற விளையாட்டை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மகாராஜா. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் ஒரு ரிசார்ட் வைத்திருந்தார். சீசனுக்கு வருகிற பெங்களூர்ப் பையன்கள் அருவியில் குளித்து, பார்டர் பரோட்டா தின்றபின் மிச்சப் பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய மாந்தோப்பில் பிணம் மாதிரிக் கிடந்தார்கள். அவர்களை எழுப்பி ஓடவைக்க வழி தேடியபோது போனில் கண்டது இது. மரங்களுக்கு நடுவே தட்டை எறிந்து எறிந்து போய், கடைசியில் ஒரு கம்பத்தில் தொங்கும் சங்கிலிகளில் அடித்து, கீழே உள்ள கூடைக்குள் விழ வைக்க வேண்டும். மகாராஜா சைக்கிள் ரிம்மில் ஆடு கட்டும் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, வெல்டிங் பட்டறையில் கூடை அடித்து, தோப்பெங்கும் நட்டுவிட்டார்.

தூரத்துக்கு எறிய ஒரு தட்டு, கூடைக்கு அருகில் வந்தபின் எறிய இன்னொரு தட்டு. இந்த இரண்டாவது தட்டின் பெயரை ஆங்கிலத்தில் 'putter' என்று எழுதினாலும், தென்காசிக்காரர் வாயில் வரும்போது அது பட்டர்தான். வெண்ணெய்க்கும் அதே பெயர். கோயில் குருக்களுக்கும் அதே பெயர். பரமேஸ்வரனுக்கு இது தோன்றவே இல்லை. அவன் மனதில் வேறு பட்டருக்கு இடமில்லாமல் போயிருந்தது.

ஒரே தட்டைப் பல பிளாஸ்டிக்கில் வார்த்து விற்பார்கள். ஒன்று ரப்பர் போல மெத்தென்று இருக்கும். ஒன்று காய்ந்த முறுக்கு மாதிரி விறைப்பாக இருக்கும். ஒன்று கண்ணாடி வளையல்போல் பளபளக்கும். இவற்றில் எது கைக்கு இதம், எது நேராகப் பறக்கும், எது சங்கிலியைப் பிடிக்கும் என்பதுதான் பரமேஸ்வரனின் சேனல். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் கம்பெனியில் அவனுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் போனை நிறுத்திவைத்துப் பேசத் தொடங்கினான். மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கோயில் முற்றம்.

"மக்களே, பழைய பட்டரை மாத்துத நேரம் வந்தாச்சு. ரொம்ப நாள் உழைச்சிருக்கு, இல்லைங்கல. ஆனா இப்பம் வெயில் அடிச்சா தொஞ்சு போயிருது. சாரல் விழுந்தா வழுக்குது. நடுவுல பாருங்க, வயிறு மாதிரித் தள்ளிட்டு நிக்கு. நல்ல பட்டர்னா என்ன செய்யணும்? சங்கிலியத் தொட்டதும் கப்புன்னு பிடிக்கணும். பிடிச்சு, சத்தங்காட்டாம கூடைக்குள்ள எறங்கணும். இதுக்கு அந்தத் தெறமை போயிட்டு. அதனால வெளிநாட்டுல இருந்து மூணு புது பட்டர் வரவழைச்சிருக்கேன்."

கீழே முத்துக்குமாரசாமி பட்டர் மடப்பள்ளி அடுப்பில் சர்க்கரைப் பொங்கலை விட்டுவிட்டு, பூக்கூடையோடு முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தார். அவருக்கு வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது உண்மை. ஆனால் அவரைத் தாக்கியது வயிறு அல்ல, சங்கிலி. போன திருவாதிரையின்போது அம்மனின் தங்கச் சங்கிலி காணாமல் போய், மறுநாள் வாடின பூக்கூடைக்குள் கிடைத்தது. மாலை கழற்றும்போது சங்கிலியும் சேர்ந்து வந்துவிட்டது என்று அவர் சொன்னார். எல்லோரும் சரி என்றார்கள். அவர் தலை மறைந்ததும், "எப்படித்தான் கூடைக்குள்ள விழுந்துச்சோ" என்றார்கள்.

இப்போது அறங்காவலரின் மகன் மாடியில் நின்று ஊருக்கே கேட்கும்படி சங்கிலி, கூடை என்கிறான். அதுவும் உழைச்சிருக்கு, நிக்கு, வழுக்குது என்று அஃறிணையில். மாட்டுக்குக்கூட இந்தத் தெருவில் இதைவிட மரியாதை உண்டு என்று அவருக்குத் தோன்றியது. பொங்கல் அடிப்பிடித்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு, சன்னதியைப் பூட்டினார்.

ஆவுடைநாயகம் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, சாவிக்கொத்து அவர் முன்னால் மேஜைமேல் விழுந்தது.

"அண்ணாச்சி, சாவி. அம்மன் சங்கிலி பெட்டிலதான் இருக்கு. போய்ப் பாத்துக்கோங்கோ."

"என்ன சாமி, என்ன விஷயம்?"

"வெளிநாட்டுலேர்ந்து மூணு பேர் வராளாமே. அவா வந்து வருஷாபிஷேகத்தப் பண்ணட்டும். எனக்குத் தெறமை போயிடுத்து."

வருஷாபிஷேகத்துக்கு இடையில் ஒரே நாள் இருந்தது. பந்தக்கால் நட்டு, அச்சன்புதூரிலிருந்து வாழைத்தாரும் வந்து இறங்கியாயிற்று. ஆவுடைநாயகம் எழுந்து நிற்பதற்குள் பட்டர் தெருமுனை தாண்டிவிட்டார்.

அடுத்து வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு சொந்தக்காரர் போன் செய்தார். "என்ன அண்ணாச்சி, பட்டர மாத்துதியளாமே. வீடியோ பாத்தேன்."

பரமேஸ்வரன் அதற்குள் வீடியோவை ஏற்றியிருந்தான். அதில் ஒரு சிறு கோளாறு. 'வயிறு மாதிரித் தள்ளிட்டு நிக்கு' என்று அவன் தட்டைக் கேமராவுக்குக் காட்டிய அதே நேரம், பின்னால் கோயில் முற்றத்தில் பட்டர் பூக்கூடையோடு நடந்து போனார். அதன்மேல் பெரிய எழுத்தில், 'பழைய பட்டரை மாற்றும் நேரம்' என்று அவனே தலைப்பும் போட்டிருந்தான். தெரு வாட்ஸப் குழுவில் தொடங்கி, கடையநல்லூர் வழியாக வளைகுடா வரைக்கும் அது போய்விட்டது. அவனுடைய எந்த வீடியோவையும் இத்தனை பேர் பார்த்ததில்லை. அவன் மேலே சந்தோஷத்தில் அபர்ணாவிடம் எண்ணிக்கை காட்டிக்கொண்டிருந்தபோது கீழிருந்து அழைப்பு வந்தது.

"ஏலே, எந்தப் பட்டரலே வெளிநாட்டுல இருந்து வரவழைச்சிருக்க?"

பரமேஸ்வரன் மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். ஆவுடைநாயகம் அவற்றைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். பெற்றதற்கு வருத்தப்படுகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று அபர்ணா அன்றைக்குத்தான் கண்டாள்.

"இதுக்கா பட்டர்னு பேரு?"

"ஆமாப்பா. இது மெது, இது விறைப்பு, இது பிரீமியம்."

"பிரீமியம் பட்டர். அவரு கேட்டா கற்பூரத்தக் கையில ஏந்திட்டு வந்து சாபம் விடுவாருலே. மொதல்ல அந்த வீடியோவ எடு."

"இப்பந்தான்ப்பா நல்லாப் போகுது."

"மாமா, வீடியோவ அவங்க எடுத்துருவாங்க," என்றாள் அபர்ணா, கணவனின் போனைத் தன் கையில் வாங்கியபடி. வாங்கியதும் அவளே அழித்துவிட்டாள். தன் வாழ்நாளில் ஊரே பார்த்த ஒரே விஷயம் கண்முன்னால் காணாமல் போனதைப் பரமேஸ்வரன் பார்த்துக்கொண்டு நின்றான். பல் பிடுங்கும்போது அவள் முகத்தில் இருக்கும் அதே அமைதி அப்போதும் இருந்தது.

மூவரும் பட்டர் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி லோகநாயகி கதவைப் பாதி திறந்து, அவர் தூங்குகிறார் என்றாள். உள்ளிருந்து, "தூங்கலை, பேச இஷ்டமில்லை," என்று குரல் வந்தது.

பரமேஸ்வரன் கதவிடுக்கு வழியாகத் தட்டுகளைக் காட்டி விளக்கினான். விளக்க விளக்க மோசமானது. "சாமி, ஒங்களச் சொல்லல. கையில பிடிச்சு எறியுத பட்டர்" என்று அவன் சொன்னதும், உள்ளே பாய் சுருட்டும் சத்தம் கேட்டது. பட்டர் வெளியே வந்தார்.

"தட்டுக்கு யாராவது பட்டர்னு பேர் வைப்பாளா? மாட்டிண்டதும் கதை கட்டறேள். சங்கிலி எங்க? கூடை எங்க? காட்டுங்கோ பாப்போம்."

"நாளைக்குக் காலைல குத்தாலத்துக்கு வாங்க சாமி, காட்டுதோம்," என்றாள் அபர்ணா. "பொய்யா இருந்தா நேரா பஸ் ஏறி எங்க வேணாலும் போங்க."

மறுநாள் காலை நால்வரும் காரில் போனார்கள். மலையிலிருந்து சாரல் இறங்கி, கண்ணாடியில் பூமாதிரி ஒட்டியது. பட்டர் பின்சீட்டில் விபூதிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊரை விட்டே போகிறவர்போல் ஜன்னல் வழியே பார்த்தார்.

மகாராஜாவுக்கு முன்கூட்டியே விவரம் சொல்லவில்லை. அவர் காரிலிருந்து இறங்கிய கூட்டத்தைப் பார்த்து, ரூம் போட வந்தவர்கள் என்று நினைத்து சல்யூட் அடித்தார். பரமேஸ்வரனைக் கண்டதும், "என்ன தம்பி, புது பட்டர் வந்துட்டாமே. பழசக் குப்பைல போட்டாச்சா?" என்று கேட்டார்.

பட்டர் திரும்பிக் காரை நோக்கி நடந்தார்.

ஆவுடைநாயகம் அவர் கையைப் பிடித்து நிறுத்திவைக்க, பரமேஸ்வரன் அவசர அவசரமாக ஒரு கூடைக்கு முன்னால் ஓடி, மெத்தென்ற தட்டை எடுத்து எறிந்தான். தட்டு கூடைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. இரண்டாவது தட்டு மாமரத்தில் அடித்தது. மூன்றாவது எங்கே போனது என்று பிறகுதான் தெரிந்தது.

"தள்ளு தம்பி," என்று மகாராஜா ஒரு தட்டை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே விட்டார். சங்கிலிகள் கலகலவென்று அடித்துக்கொண்டன. தட்டு அவற்றில் ஒரு கணம் தொங்கி, கூடைக்குள் விழுந்தது.

பட்டர் அந்தக் கம்பத்தருகே போனார். சங்கிலியைத் தொட்டார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார். தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான் சங்கிலியப் பிடிச்சுக் கூடைக்குள்ள விழறதா?"

"ஆமா சாமி."

"ராத்திரி பூரா நான் தூங்கலை." அவர் தட்டைக் கூடைக்குள்ளேயே திருப்பி வைத்தார். "அன்னிக்குச் சங்கிலி கெடச்சப்போ எல்லாரும் சரின்னேள். ஒருத்தரும் மனசாரச் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். அதுதான் இப்போ வெளில வரதுன்னு நெனச்சேன்."

சாரல் விழுந்துகொண்டே இருந்தது. ஆவுடைநாயகம் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அதனால் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

"நான் மனசாரச் சொல்லுதேன் சாமி, போதுமா? ஒங்க மேல சந்தேகம் இருந்தா பெட்டிச் சாவி இத்தன நாளும் ஒங்ககிட்ட இருக்குமா? டீக்கடையில பேசுனவன் எவன்னு சொல்லுங்க, அவன நான் பாத்துக்கிடுதேன்."

"எல்லாரும்தான் பேசினா."

"அப்பம் விட்டுத் தள்ளுங்க."

பட்டர் மூக்கை உறிஞ்சினார். பிறகு பரமேஸ்வரன் பக்கம் திரும்பி, "அந்தப் பழையதக் காட்டும். நீர் தூக்கிப்போட இருந்ததை," என்றார்.

எல்லோருக்கும் இதமாக இருந்தது. தள்ளிவைக்கப்பட்டவர்மீது தள்ளிவைக்கப்பட்டவருக்கு வரும் பரிவு என்று பரமேஸ்வரன் நினைத்தான். பயபக்தியோடு பையிலிருந்து பழைய தட்டை எடுத்துக் கொடுத்தான். பட்டர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு எறிந்தார். தட்டு ஈரத்தில் கையை விட்டு வழுக்கி, பின்பக்கமாகப் போய், ஆவுடைநாயகத்தின் காலடியில் விழுந்தது. திரும்பவும் எறிந்தார். சங்கிலியின் ஓரத்தில் பட்டு வெளியே தெறித்தது.

"நீர் சொன்னது வாஸ்தவம்," என்றார் பட்டர். "இந்தப் பட்டர் தேறாது. தூக்கிப் போடும்."

அதற்குப் பிறகு அங்கே நடந்ததற்கு யாரும் திட்டம் போடவில்லை. பட்டர் புதுத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். விறைப்பான தட்டு கையை விட்டுச் சுத்தமாகக் கிளம்பியது, காற்றிலும் வளையாமல் போனது, ஆனால் விரல் நனைந்திருந்தால் எந்தத் திசையில் கிளம்பும் என்று அதற்கே தெரியவில்லை. மெத்தென்றது சோம்பேறியாகப் பறந்தாலும், சங்கிலியைக் கண்டால் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஆவுடைநாயகம் முதலில் மகாராஜா நீட்டிய குடைக்கு அடியிலிருந்து குறை சொன்னார். பிறகு குடையை அவரிடமே கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

பிரீமியம் தட்டை மட்டும் காணவில்லை. ஓட்டுக்கூரையில் ஒரு குரங்கு அதை மடியில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. மகாராஜா வாழைப்பழத்தைக் காட்டி அதைக் கீழே போட வைத்தார். அபர்ணா தட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஒரு பல் தடம்கூடப் பதியல. நல்ல சரக்குதான்," என்றாள். பிறகு கூரையைப் பார்த்து, "அதுக்குத்தான் ஈறு கொஞ்சம் வீங்கியிருக்கு," என்றாள்.

பரமேஸ்வரனுக்கு இப்போதுதான் உற்சாகம் வந்தது. இத்தனை நாள் தனியாகப் பேசிய விஷயத்தைக் கேட்க நாலு பேர் இருந்தார்கள். விளிம்பின் வழவழப்பு, நடுத்தட்டின் நெகிழ்வு, வெயிலில் எது இளகும் என்று கொட்டித் தீர்த்தான். "கண்ணக் கட்டிட்டு விளிம்ப மட்டும் தொட்டாலே நான் பிளாஸ்டிக் பேரச் சொல்லிருவேன்," என்றும் சொல்லிவிட்டான்.

ஆவுடைநாயகம் தலையிலிருந்த துண்டை எடுத்து மகன் கண்ணைக் கட்டினார்.

அபர்ணா முதலில் விறைப்பைக் கொடுத்தாள். "மெது," என்றான். "ஈரத்துல கொஞ்சம் விறைச்ச மாதிரித் தோணும், ஏமாறக் கூடாது." மெத்தென்றதைக் கொடுத்தாள். வெகுநேரம் தடவி, அதைப் பழையது என்றான். யாரும் சிரிக்காததால் அவனுக்குத் தைரியம் கூடியது. மூன்றாவதாக வந்ததன் விளிம்பில் விரலை ஓட்டினான். முகம் மலர்ந்தது.

"இதச் சொல்லவே வேண்டாம். பிரீமியம். விளிம்பு எவ்வளவு சுத்தமா வாத்திருக்கான் பாருங்க. இந்தத் தரம் வேற எதுலயும் வராது."

துண்டை அவிழ்த்தார்கள். அவன் கையில் இருந்தது மகாராஜா கொண்டுவந்த பெயிண்ட் வாளியின் மூடி.

பட்டர் முதலில் சிரித்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி, அவரை உட்கார வைத்துவிட்டது. ஆவுடைநாயகம் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகாராஜா ராணுவ ஒழுங்கோடு கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்துவிட்டுத் தோற்றார். பரமேஸ்வரனும் சிரிக்க முயன்றான். வரவில்லை. அறையில் அலமாரி நிறைய அடுக்கியிருந்த தட்டுகளும், ஒவ்வொன்றைப் பற்றியும் பேசின பேச்சும் நினைவுக்கு வந்து, காது சுட்டது. தோப்பின் கோடியில் இருந்த கல்லில் போய் உட்கார்ந்தான்.

அபர்ணா கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தாள்.

"எல்லாத்தையும் வித்துரலாம்னு பாக்கேன்," என்றான்.

"யாரு வாங்குவா? இந்தச் சுத்துவட்டாரத்துல இத ஆடுதது நாலு பேரு. அதுல ரெண்டு பேரு இன்னைக்குக் காலைலதான் சேந்தாங்க."

"நான் சொன்னது ஒண்ணுகூட சரியில்லயே."

"நீங்க சொன்னதெல்லாம் சரிதான். விறைப்பு நேராப் போகுது, மெது சங்கிலியப் பிடிக்கு. சாமி எறிஞ்சப்போ எல்லாரும் பாத்தோம். ஒங்க கைக்குத்தான் அது தெரியல. நீங்க அதக் கேமராவுக்குக் காட்டுன அளவுக்கு எறிஞ்சிருக்கீங்களா?"

பரமேஸ்வரன் எறிந்த நாட்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். ஒரு கையே போதுமானதாக இருந்தது.

"அந்த மூடிய நெசமாவே நல்லாத்தான் வாத்திருந்தான்," என்றான் கடைசியில்.

அபர்ணாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அவள் அவன் தோளில் சாய்ந்து சிரிக்க, அவனுக்கும் வந்தது.

மத்தியானத்துக்குள் பட்டர் சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாள் வருஷாபிஷேகம் குறையில்லாமல் நடந்தது. தீபாராதனை முடிந்ததும் ஆவுடைநாயகம் கூட்டத்தைப் பார்த்து, "வீடியோவுல வந்தது ஒரு தட்டு. நம்ம சாமி இருக்குத வரைக்கும் இவருதான் நம்ம பட்டர். மறுபேச்சு பேசுதவனுக்குக் கோயில்ல பரிவட்டம் கட்ட மாட்டோம்," என்று அறிவித்தார். அவர் ஏதோ தட்டுக்காணிக்கையைப் பற்றிச் சொல்கிறார் என்று பாதிப்பேர் நினைத்தார்கள். ஆனால் பரிவட்டம் என்ற சொல்லுக்கு அந்தத் தெருவில் தனி மரியாதை உண்டு. டீக்கடையில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் உச்சிக்காலப் பூஜை முடிந்ததும் பட்டரும் ஆவுடைநாயகமும் குற்றாலத்துக்குக் கிளம்பினார்கள். காரில் பரமேஸ்வரனுக்கு இடம் இருந்தால் அவனையும் ஏற்றிக்கொண்டார்கள். மெது தட்டு பட்டருடையது, விறைப்பு அப்பாவுடையது என்று அவனைக் கேட்காமலே பாகம் பிரிந்துவிட்டது. ஒருவர் தட்டை மற்றவர் தொட்டால் சண்டை வந்தது.

பரமேஸ்வரன் வார நாட்களில் விடியற்காலையில் தனியாகப் போகத் தொடங்கினான். போனைக் காரிலேயே வைத்துவிட்டு, அலமாரியில் கைக்கு வந்த ஒரே ஒரு தட்டை மட்டும் எடுத்துப்போய், தோள் வலிக்கும்வரை ஒரே கூடைக்கு எறிந்தான். பெரும்பாலும் விழவில்லை. எப்போதாவது விழுந்தது.

ஒருநாள் மகாராஜா டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"இது என்ன பிளாஸ்டிக் தம்பி? எப்படி இருக்கு?"

"தெரியல அண்ணாச்சி."

"தெரியலன்னு ஒரு வீடியோ போடு. இந்த ஊர்ல அப்படிச் சொன்னவன் யாரும் இல்ல. கூட்டம் கூடிப் பாப்பாங்க."

பரமேஸ்வரன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தட்டை மறுபடியும் எறிந்தான்.